ஆர்க்கிட்டில் பூச்சி: கேள்வி பதில்

கேள்வி: என் ஃபலனாப்சிஸ் வகை ஆர்க்கிட்டின் இலை இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது. துடைத்தேன், பத்தே நாளில் திரும்ப வந்துவிட்டது. பூஞ்சையா?

பதில்: மாவுப்பூச்சி. பல்குச்சியால் அந்தப் பஞ்சைக் கிளறிப் பாருங்கள். தட்டையாக, சாம்பலோ வெளிர்சிவப்போ கலந்த ஒன்று மெதுவாக நகரும். பஞ்சுக்குள் முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அதனால்தான் ஒரு தடவை துடைத்தது போதவில்லை. 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். இலை மடிப்பு, பூந்தண்டின் கணு, இதழ்களின் பின்பக்கம் எதையும் விடவேண்டாம். வாரம் ஒரு முறை, குறைந்தது நான்கு வாரம். மூன்றாவது வாரம் ஒன்றும் கண்ணில் படாது, பலரும் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அப்படியும் போகவில்லை என்றால் வேரில் இருக்கிறது என்று அர்த்தம். தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக இருக்கும் பழைய மரப்பட்டையைக் கொட்டிவிட்டு, வேரைக் கழுவி, புதுப் பட்டையில் நடுங்கள். பூச்சி முழுதாகப் போகும்வரை மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

கேள்வி: இலையில் பழுப்புப் புள்ளிகள். நோயா, பூச்சியா?

பதில்: நகத்தால் சுரண்டுங்கள். பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. அதன் ஓட்டைத் தாண்டி மருந்து எளிதில் உள்ளே போகாது. முதலில் மெதுவான பல்துலக்கும் பிரஷால் தேய்த்து எடுங்கள், அப்புறம் வேப்பெண்ணெய். ஓடு வளராத குஞ்சுகள் அதில் சாகும்.

கேள்வி: வேப்பெண்ணெயை எப்படிக் கலப்பது?

பதில்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 5 மில்லி, சில சொட்டு மென்மையான திரவ சோப்பு. வெயில் படும்போது தெளித்தால் இலை கருகும், மாலையில் தெளியுங்கள். குருத்தில் தேங்கிய நீரை உடனே டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். நல்ல செடி ஒன்றை இந்த ஒரு கவனக்குறைவால் நான் குருத்தழுகலுக்குக் கொடுத்திருக்கிறேன், இன்றும் மனசு ஆறவில்லை.

கேள்வி: இலை வெள்ளி பூசியது போல மங்குகிறது. பூச்சி எதுவும் தெரியவில்லை.

பதில்: இலையின் அடியை வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்பழுப்புக் கோடு விழுந்தால் சிலந்திப்பேன். எட்டுக்கால் இனம் என்பதால் சாதாரண பூச்சிமருந்துகள் பலவும் இதற்குப் பலிக்காது. வறண்ட காற்றில் பெருகும். சில நாளுக்கு ஒருமுறை இலையடியைத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள்.

கேள்வி: பூந்தண்டில் பிசுபிசுவென்று தெளிவான துளிகள்?

பதில்: செடியே சுரக்கும் தேனாக இருக்கலாம், பயம் வேண்டாம். ஆனால் இலையும் பிசுபிசுத்தால், அல்லது எறும்பு ஏறினால், அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறதா என்று மொட்டுகளைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: தொட்டியிலிருந்து சின்னக் கொசு போலப் பறக்கிறதே?

பதில்: தொட்டியில் உள்ள பட்டை மக்கிவிட்டது, அந்த ஈரத்தில்தான் இவை பெருகுகின்றன. மாற்றுங்கள், நீர் ஊற்றும் இடைவெளியையும் கூட்டுங்கள்.