டிசைனர் கைப்பை: எங்கே தொட்டுப் பார்த்தால் தரம் தெரியும்?

கேள்வி: பல வருடம் வைத்துக்கொள்ளும்படி ஒரு நல்ல கைப்பை வாங்க நினைக்கிறேன். இரண்டு பைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பெரிய பிராண்டுடையது. அதன் எழுத்துகள் மேலெல்லாம் அச்சான கேன்வாஸ் பை. இன்னொன்று கிட்டத்தட்ட அதே விலையில், அதிகம் பெயர் தெரியாத ஒரு பட்டறையின் முழுத்தோல் பை. கையில் எடுத்தால் இரண்டுமே உயர்ந்த பொருளாகத்தான் தெரிகின்றன. கடையில் நிற்கும் சில நிமிடங்களில் எதைப் பார்த்து முடிவெடுப்பது? பயன்படுத்திய பை வாங்குவது சரிப்படுமா?

பதில்: கையில் எடுத்தவுடன் ஆளை மயக்குபவை நான்கு: பையின் கனம், உலோகத்தின் குளிர்ச்சி, கொக்கி மூடும் சத்தம், தோலின் வாசம். இந்த நான்கையும் மலிவாகவே வரவழைக்க முடியும் என்பதால் முடிவை இவற்றிடம் விடாதீர்கள். பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம், துத்தநாகக் கலவை சுமார் 6.6 கிராம். பின்னதைக் கொஞ்சம் தடிமனாக வார்த்துவிட்டால் கனத்தில் வித்தியாசம் தெரியாது. காந்தம் ஒட்டவில்லை, அதனால் பித்தளைதான் என்று சிலர் சொல்வார்கள். துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. வாசத்தைச் செயற்கைத் தோலில் தெளித்தே விற்கிறார்கள். கனத்தைப் பற்றி இன்னொன்று: எதுவும் வைக்காத நிலையிலேயே ஒரு கிலோவைத் தாண்டும் பை கடையில் கம்பீரமாக இருக்கும், ஒரு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

செலவைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கைவைப்பது கண்ணில் படாத இடங்களில். அங்கிருந்துதான் நீங்கள் தொடங்க வேண்டும்.

முதலில் விளிம்பு

கைப்பிடியும் தோள்வாரும் பெரும்பாலும் இரண்டு மூன்று அடுக்குத் தோலை ஒட்டித் தைத்தவை. அடுக்குகள் முடியும் அந்த ஓரத்தை எப்படி மூடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று வழிகள் உண்டு.

அதிகம் காணப்படுவது விளிம்புப் பெயின்ட். ஒழுங்காகச் செய்தால் ஓரத்தைச் சமமாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஒரு பூச்சு கொடுத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி பூச வேண்டும். மூன்று நான்கு சுற்று போனால்தான் அடுக்குகளின் கோடு மறைந்து ஓரம் மழமழவென்று உருண்டு நிற்கும். அவசரக்காரர்கள் ஒரே தடவையில் தடிமனாகப் பூசிவிடுவார்கள். புதுசில் அதுவும் பளபளக்கும்; ஆனால் மேலே காய்ந்து உள்ளே முழுதாக இறுகாத தடித்த பூச்சு, வார் வளையும் இடத்தில் முதலில் மயிரிழையாக வெடித்து, பிறகு பட்டை பட்டையாக உரியும். சோதிப்பது எளிது. வாரைக் கடைக்காரர் முகம் சுளிக்காத அளவுக்கு வளைத்து, வளைவின் வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கோடு விழுந்தாலோ, ஓரத்தில் குமிழ்கள் தெரிந்தாலோ, அடுக்குகளின் பிளவு பூச்சின் வழியே தெரிந்தாலோ அந்தப் பை ஒரு வருடத்தில் பழசாகத் தோன்றும். பெயின்ட் உரிவதைச் சரிசெய்யலாம். ஆனால் பழையதை முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும். மேலேயே பூசித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, ஓரத்தை உள்ளே மடித்துத் தைப்பது. மடிப்பதற்கு முன் ஓரத்தோலைச் சீவி மெல்லியதாக்க வேண்டும். சீவாமல் மடித்தால் தையல் வரி மேடு தட்டும். அளவு மீறிச் சீவினால் மடிப்பின் நுனி தேய்ந்து ஓட்டை விழும். மூலைகளைப் பாருங்கள். அங்கே சின்னச் சின்னக் கொசுவங்களாக, ஒரே அளவில் மடிப்பு விழுந்திருந்தால் கை பழகியவர் செய்த வேலை. முண்டும் முடிச்சுமாக இருந்தால் ஆள் புதியவர்.

மூன்றாவது, பெயின்டே இல்லாமல் ஈரமும் மெழுகும் வைத்துத் தேய்த்து மெருகேற்றிய விளிம்பு. இது மரப்பட்டைச் சாறு போன்ற தாவரச் சத்தில் பதனிட்ட தோலில்தான் நன்றாக வரும். குரோமியம் உப்பில் பதனிட்ட ‘குரோம்’ தோல் எவ்வளவு தேய்த்தாலும் நார் நாராகவே நிற்கும். அதனால் மெருகேறிய விளிம்பைப் பார்த்தால் தோல் எது என்பதும் ஓரளவு தெரிந்துவிடுகிறது.

தையலும் வார் சேரும் இடமும்

‘கைத்தையல்’ என்ற சொல்லுக்கு நிறையக் காசு வாங்குகிறார்கள். அதன் உண்மையான பயன் என்ன என்று தெரிந்துகொண்டால் எங்கே அது தேவை என்பதும் தெரியும். தையல் எந்திரம் மேலே ஒரு நூலும் கீழே பாபினில் ஒரு நூலுமாக ஓட்டி, இரண்டையும் தோலின் நடுவில் கொக்கி போட வைக்கிறது. ஒரு பக்க நூல் அறுந்தால் அடுத்தடுத்த தையலும் தளர்ந்துகொண்டே போகும். சேணத் தையல் வேறு. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய் வரும். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்ற தையல் பிடித்துக்கொண்டு நிற்கும். 1837இல் பாரிஸில் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கிய ஹெர்மேஸ் நிறுவனம் இன்றும் தேன்மெழுகு தடவிய லினன் நூலில் இப்படித் தைப்பது பழைய பெருமைக்காக மட்டும் இல்லை. குதிரை இழுக்கும் வார் நடுவழியில் பிரியக் கூடாது என்று பிறந்த தையல் அது.

ஆனாலும் எந்திரத் தையல் என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். பையின் நீளமான பக்கத் தையல்களில் நல்ல எந்திரத் தையல் தாராளமாகப் போதும். இழுவிசை விழுகிற இடம்தான் முக்கியம்: கைப்பிடி உடலோடு சேரும் இடம், தோள்வாரின் வளையத்தைப் பிடித்திருக்கும் சிறு பட்டை. அங்கே தையல் முடிவில் இரண்டு மூன்று தையல் திரும்பி வந்து முடிந்திருக்கிறதா, உள்பக்கம் வலுவூட்டும் துண்டு வைத்திருக்கிறார்களா, ரிவெட் இருந்தால் அது ஆடுகிறதா என்று பாருங்கள். உள்ளே கைவிட்டுத் தடவினால் அந்த இடம் மட்டும் கெட்டியாக, தடிப்பாகத் தெரிய வேண்டும்.

அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுவது பலருக்குப் பழக்கம். 8 முதல் 12 வரை பைகளுக்கு நல்ல அளவு. நெருக்கமாக இருந்தால் இன்னும் உசத்தி என்பது பாதி உண்மைதான். தடித்த ஊசியில் மிக நெருக்கமாகத் துளைத்த தோல் அஞ்சல்தலை ஓரத்தைப் போல வரிசையாகக் கிழிந்து வரும். எண்ணிக்கையைக் காட்டிலும் ஒரே சீரான நீளமும், விளிம்பிலிருந்து ஒரே தூரமும் அதிகம் சொல்லும்.

தோலின் பெயர்கள்

‘அசல் தோல்’ என்ற முத்திரை எதையும் உறுதி செய்யவில்லை. மாட்டுத்தோலின் மேலடுக்கில் நார்கள் மிக நெருக்கமாகப் பின்னியிருக்கும், வலிமை அங்கேதான். அந்த மேலடுக்கைத் தேய்க்காமல் அப்படியே விட்டது முழுத்தோல். தழும்புகளைத் தேய்த்து அகற்றி, நிறமிப் பூச்சு கொடுத்து, மேலே செயற்கையாகத் துளை வடிவம் அழுத்தினால் திருத்திய தோல். அடியடுக்கை மட்டும் பிரித்தெடுத்து பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசினால் பிளவுத்தோல். இதையும் ‘அசல் தோல்’ என்றே விற்கலாம். தோல் துகள்களைப் பசையில் குழைத்துத் தகடாக்கியதற்கும் தோல் என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது; அதன் பக்கமே போகாதீர்கள்.

கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். முழுத்தோலில் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் ஓடி, விரலை எடுத்ததும் மறையும். தடித்த பூச்சு உள்ளதில் மேற்பரப்பு மொத்தமாகக் குழியும். துளைகளின் வடிவத்தையும் கவனியுங்கள்: இயற்கைத் தோலில் வயிற்றுப் பக்கம் ஒரு மாதிரி, முதுகுப் பக்கம் ஒரு மாதிரி. பை முழுக்க ஒரே வடிவம் அச்சடித்தாற்போல் வந்தால் அது அழுத்திய வடிவம்தான். அதற்காக உடனே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஹெர்மேஸின் எப்ஸோம் தோலே அழுத்திய வடிவம் கொண்டது. உருவம் குலையாது, கீறல் எளிதில் தெரியாது. வடிவம் அழுத்தியது எதற்காக, குறையை மறைக்கவா, தோலை விறைப்பாக்கவா என்பதே கேள்வி. முன்னது என்றால் தையல் துளையின் ஓரத்தில் பூச்சு பிளாஸ்டிக் படலமாகத் தூக்கி நிற்பது தெரியும்.

குரோம் பதனிடல் ஒன்றிரண்டு நாளில் முடியும். தாவரப் பதனிடலுக்கு வாரக்கணக்கில், சில பட்டறைகளில் மாதக்கணக்கில் ஆகும். இதை வைத்து ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்துவது தவறு. மிருதுவாக, பளீர் நிறத்தில் வேண்டுமென்றால் குரோம் தோல். நாளாக ஆகக் கருத்து மெருகேற வேண்டுமென்றால் தாவரத் தோல். தண்ணீர்த் துளி பட்டால் கறை விழுவதையும் அதோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கேன்வாஸ் பை

எழுத்து அச்சான கேன்வாஸ் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக் பூசிய பருத்தித் துணி. லூயி வுயித்தோன் பிராண்டின் மோனோகிராமை, அதாவது அதன் எழுத்து அச்சு வடிவத்தை, 1896இல் ஜார்ஜ் வுயித்தோன் உருவாக்கினார். இப்போது நாம் காணும் வளையும் பூச்சுத் துணி 1959இலிருந்து வருகிறது. பொருளாகப் பார்த்தால் இது நல்ல தோலைவிட மலிவு. அதே சமயம் எடை குறைவு, மழை தாங்கும், கீறல் விழாது. தினமும் தூக்கிப்போய் அடிபடும் பைக்கு இதைக் குறை சொல்ல முடியாது. பலவீனம் மடிப்பில். மடித்தே வைத்திருந்தாலோ சூடான இடத்தில் கிடந்தாலோ பூச்சு வெடிக்கும். வெடித்த தோலுக்காவது ஏதாவது வைத்தியம் உண்டு, வெடித்த பூச்சுத் துணிக்கு இல்லை. அந்தத் துண்டையே மாற்ற வேண்டும்.

இந்தப் பையின் விலையில் பெரும்பங்கு பெயருக்கும் வடிவமைப்புக்கும். அதில் தப்பில்லை. பிராதா என்ற இத்தாலிய பிராண்டு 1980களில் நைலான் பையை ஆடம்பரப் பொருளாக விற்றுக் காட்டியபோதே, விலை கச்சாப்பொருளில் இல்லை என்பது வெளிச்சமாகிவிட்டது. மறுவிற்பனையில் பெயர் பணமாகத் திரும்பி வரும் என்பதும் உண்மை. தெரியாத பட்டறையின் பைக்கு அந்த வாய்ப்பு குறைவு.

‘இத்தாலியில் தயாரானது’ போன்ற முத்திரைக்கு ஓரளவுக்கு மேல் மதிப்பு தராதீர்கள். ஐரோப்பியச் சுங்க விதிப்படி, பல நாடுகளில் செய்த பொருளுக்குக் கடைசியாகக் கணிசமான மாற்றம் நடந்த நாடுதான் பிறப்பிடம். தோலும் கொக்கியும் எங்கிருந்து வந்தன என்பதை அந்த ஒரு வரி சொல்லாது.

ஜிப், முலாம்

ஜிப்பை ஒற்றை விரலால், குறிப்பாக வளைவில், இழுத்துப் பாருங்கள். ரிரி, லாம்போ, ஒய்கேகே-யின் எக்ஸெல்லா ஆகிய உயர்தர ஜிப்களில் பற்களை மெருகேற்றியிருப்பார்கள். கையில் நரநரவென்று உரசாது. முலாம் தேயத்தான் செய்யும், எந்த நிறுவனமானாலும். அடியில் பித்தளை இருந்தால் தேய்ந்த இடமும் மஞ்சளாகவே இருக்கும். துத்தநாகக் கலவை சாம்பல் நிறத்தில் இளித்துக்கொண்டு, பிறகு புள்ளி புள்ளியாகப் பொரியும்.

இரண்டில் எது?

தோல் பையின் விளிம்பும் வார்ச் சேர்க்கையும் மேலே சொன்ன சோதனையில் தேறினால் அதையே வாங்குங்கள். பத்து வருடத்துக்குப் பிறகும் பிரித்துத் தைத்துக் கொடுக்க ஆள் கிடைக்கும். தேறாவிட்டால், அல்லது நாலைந்து வருடத்தில் விற்றுவிட்டு வேறு வாங்குபவர் நீங்கள் என்றால், கேன்வாஸ்.

பயன்படுத்திய பையில் ஒரே ஒரு பெரிய பொறி இருக்கிறது: உள்லைனிங். பாலியூரித்தேன் பூசிய லைனிங் காற்றின் ஈரத்தில் மெல்லச் சிதையும். தொட்டால் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். பெரிய பிராண்டுகளின் பழைய பைகளிலும் இது சாதாரணம். வெளியே புத்தம்புதிதாக இருக்கும் பையின் உள்பாக்கெட்டில் விரல் ஒட்டும். பயன்படுத்தாமல் மூடி வைத்திருந்தாலும் சிதைவு நிற்காது என்பதால் ‘ஒரு நாள்கூட எடுக்கவில்லை’ என்ற வாக்குறுதி இங்கே உதவாது. விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: கைப்பிடியின் அடி, கீழ் மூலைகள், வளையப் பட்டையின் தையல், வெளியே இழுத்துப் பிடித்த உள்பாக்கெட். நான்காவதைத் தர இழுத்தடித்தால், லைனிங் முழுதையும் மாற்றும் கூலியை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

வாங்கிய பிறகு பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். பருத்தித் துணிப்பையில், உள்ளே மையற்ற தாளைச் சுருட்டி அடைத்து, கைப்பிடியில் தொங்கவிடாமல் நிமிர்த்தி வையுங்கள். அலமாரியின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. 65-70ஐத் தாண்டி நின்றால் தோலில் பூஞ்சை வரும்.