கோடு பழகிய கை – கடிதம்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். ஆறு வருடமாகத் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறேன். வைகாசியில் கும்பகோணத்தில் ஐந்து நாள் பட்டறை ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். இரண்டு நாள் பொருட்களைப் பார்த்து வரைவது, மூன்று நாள் ஆளை உட்காரவைத்து முகம் வரைவது. தண்ணீரில் கரைத்துப் போடும் அக்ரிலிக் வண்ணம்தான். வீட்டில் ஒரு சொம்பை வைத்து வரைந்தேன். சாமி படத்துச் சொம்பு மாதிரியே வந்தது. முகத்தை போனில் எடுத்து, அதைப் பார்த்துப் போட்டால் ஓரளவு வருகிறது. அப்படியே பழகிக்கொண்டு போகலாமா? வடக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடி என்கிறார்கள். அது சரியா?

வாசகி, மன்னார்குடி

அன்புள்ள வாசகிக்கு,

ஜன்னலிலிருந்தே தொடங்கலாம். வடக்கு வெளிச்சம் ஐரோப்பாவில் பிறந்த விதி. அங்கே உச்சிச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான். கும்பகோணம் ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நமக்கு உச்சிச் சூரியன் வடக்கே போய்விடும். வைகாசியில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து விழும், நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த மாதத்தில் நேர்வெயில் படாதது தெற்கு ஜன்னல்தான். எதிரே வெள்ளைச் சுவர் இல்லாத ஜன்னலாகப் பாருங்கள். மார்கழியில் பட்டறை வைத்தால் வடக்கைப் பிடிக்கலாம். எதுவானாலும் டியூப் லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு வெளிச்சம் இருந்தால் ஒரு மூக்குக்கு இரண்டு நிழல்.

சொம்பு சாமி படத்துச் சொம்பாக வந்ததற்குக் காரணம் கோடு. தஞ்சாவூர் பாணியில் உருவம் கோட்டிலேயே முடிந்துவிடுகிறது. கல், தங்க ரேக்கு, வண்ணம் எல்லாம் அதற்குள் அடங்கும். கோடு மட்டமானது என்று சொல்லவில்லை. பெரிய கோயில் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் 1931இல் தெரியவந்த சோழர் ஓவியங்களும் கோட்டின் பலத்தில் நிற்பவைதான். ஆனால் ஜன்னலோரச் சொம்பில் நிழல் பக்கத்து விளிம்பு பின்னணியோடு கரைந்து கிடக்கும். அங்கே கோடு இழுத்தால் சொம்பு கத்தரித்து ஒட்டியதுபோல் நிற்கும்.

அதனால் முதல் நாள் மெல்லிய பிரஷ்ஷைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். முனை தட்டையான அரை அங்குல பிளாட் பிரஷ் போதும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சம், நிழல் என்று இரண்டே திட்டுகள் தெரியும். நீர்த்த பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு ஒன்றைமட்டும் வைத்து முதல் 20 நிமிடத்தில் அவற்றைப் போட்டுவிடுங்கள். இது தப்பினால் பிறகு எந்த வண்ணமும் கைகொடுக்காது.

சொம்பின் வாய் நீள்வட்டம். கண் மட்டத்திலிருந்து கீழே போகப்போக அது விரியும். ஆக, அடிவிளிம்பு வாயைவிட அதிகமாக வளைய வேண்டும். பலகையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று மனசுக்குத் தெரிவதால் அடியை நேர்கோடாக இழுத்துவிடுகிறோம். பித்தளை என்றதும் பளிச்சென்ற மஞ்சளைப் பிதுக்குவது அடுத்த தவறு. அதன் பெரும்பகுதி அம்பரும், யெல்லோ ஓக்கர் என்னும் மங்கலான மண் மஞ்சளும்தான். பக்கத்துத் துணியின் நிறமும் அதில் ஏறியிருக்கும். வெள்ளைப் பொட்டு கடைசியில், ஒன்றோ இரண்டோ. தட்டில் வெற்றிலை இருந்தால் முதலில் அதை முடியுங்கள். கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடும். பூவன் பழமும் கத்தரிக்காயும் சாயங்காலம்வரை காத்திருக்கும்.

முகத்துக்கு அளவுதான் எல்லாம். கையை முழுக்க நீட்டி, முழங்கை மடியாமல், ஒரு கண்ணை மூடிப் பென்சிலால் அளக்க வேண்டும். முழங்கை ஒரு முறை மடங்கினாலும் அந்த அளவு பொய். நேராகப் பார்க்கும் தலையில் உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் கண் இருக்கும். உங்கள் கை அதைப் பெரிதாக்கி மேலே ஏற்றப் பார்க்கும். மண்டை வெட்டுப்பட்டு நிற்பது அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் எழுந்து காலை நீட்டிக்கொள்ளட்டும். அதற்கு முன் நாற்காலிக் கால்கள், பாதம், அவர் பார்க்கும் சுவர்ப்புள்ளி மூன்றிலும் டேப் ஒட்டிவிடுங்கள்.

மாநிற முகத்துக்கும் கறுத்த முகத்துக்கும் கறுப்பு வண்ண டியூப் வேண்டாம், தோல் சாம்பல் பூத்துவிடும். பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்தால் ஆழமான நிழல் கிடைக்கும். ஜன்னல் வழியே வருவது வான வெளிச்சம் என்பதால் நெற்றி மினுமினுப்பில் லேசாக நீலம் ஓடும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் தாடைக்கு அடியில் அதன் வெளிச்சம் ஏறும்.

போன் படத்தில் இவை எதுவும் இருக்காது. கிட்டத்தில் எடுத்தால் மூக்கு புடைத்து, காது பின்வாங்கும். நிழல் ஒரே கறுப்பாக அடைந்துவிடும். அதைவிடக் கண்ணாடியில் உங்கள் முகத்தையே தினம் 20 நிமிடம் வரையுங்கள்.

அக்ரிலிக் வைகாசிச் சூட்டில் தட்டிலேயே தோல்கட்டும். டிபன் டப்பாவில் நனைத்த துணியை மடித்துப்போட்டு, மேலே பட்டர் பேப்பர் விரித்து அதில் கலக்குங்கள். காய்ந்தால் சாயல் ஒரு படி இருட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மின்விசிறியை உங்கள் பக்கம் வைக்காமல் உட்கார்ந்திருப்பவர் பக்கம் திருப்பிவிடுங்கள்.