வாசகர் கேள்விகள்: அம்மா வழியில் வந்த செக் அரசர்

கே: செக் மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் அரசர் நான்காம் சார்லஸ், லக்சம்பர்க் வம்சம் என்கிறார்களே, அப்படியானால் அவர் வெளியாள்தானே?

ப: அப்பா வழியில் பார்த்தால் சரிதான். ஆனால் அந்த அப்பாவுக்கே சிம்மாசனம் மனைவி மூலமாகத்தான் வந்தது. பொஹீமியாவை, அதாவது இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதியை, நூற்றாண்டுக்கணக்கில் ஆண்டது ப்ரெமிஸ்ல் வம்சம். அதன் கடைசி ஆண் வாரிசு மூன்றாம் வாட்ஸ்லாவ் 1306 ஆகஸ்ட்டில் ஓலோமோட்ஸ் ஊரில் கொலையானபோது அவருக்கு 16 வயது, கொல்லச் சொன்னது யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. யாருக்குப் பட்டம் என்று நான்கு வருடம் அடித்துக்கொண்ட பிறகு, அவர் தங்கை எலிஷ்காவை ஜெர்மன் அரசர் ஏழாம் ஹென்ரியின் மகன் ஜானுக்குக் கட்டி வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு 14, பெண்ணுக்கு 18!

1316 மே 14 அன்று ப்ராகில் பிறந்த இவர்களின் மகனுக்கு வைத்த பெயர் வாட்ஸ்லாவ், அதாவது தாய்வீட்டுப் பெயர். அப்புறம் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை முற்றி, மூன்று வயதுப் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து, ஏழு வயதில் பாரிஸ் அரண்மனைக்கு அனுப்பிவிட்டார் அப்பா. அங்கே அரசராக இருந்தவர் அத்தையின் கணவர், அவர் பெயர்தான் சார்லஸ். பையன் அதை ஏற்றுக்கொண்டான். 1333-இல் ஊர் திரும்பியபோது அம்மா உயிரோடு இல்லை. செக் மொழியும் மறந்துபோயிருந்தது, மறுபடி கற்றுக்கொண்டேன் என்று லத்தீனில் எழுதிய சுயசரிதையில் அவரே சொல்கிறார்.

என்னைக் கேட்டால், அவருடைய கெட்டிக்காரத்தனமெல்லாம் அந்த அம்மா வழி உறவை விடாமல் பிடித்துக்கொண்டதில்தான் இருக்கிறது. 1347-இல் முடிசூடப் புதுக் கிரீடம் செய்தவர், அதைப் பத்தாம் நூற்றாண்டுப் புனிதர் வாட்ஸ்லாவுக்கு அர்ப்பணித்தார். அந்தப் புனிதரும் ப்ரெமிஸ்ல் குடும்பத்து ஆள்தான். இனி யார் வந்து வெளியாள் என்று சொல்வது?

கே: நான்காம் சார்லஸ் என்றால் முதல் மூன்று பேர் எங்கே?

ப: பொஹீமியாவில் தேடாதீர்கள், அங்கே இவர்தான் முதலாமவர். 'நான்காம்' என்பது புனித ரோமப் பேரரசர் பட்டியலின் கணக்கு, அது சார்லமேனிலிருந்து, அதாவது மகா சார்லஸிலிருந்து, தொடங்குகிறது. இவர் ரோமில் பேரரசர் முடி சூடியது 1355-இல்.

கே: நான்கு திருமணமாமே?

ப: ஆமாம், ஒருவர் இறந்த பிறகுதான் அடுத்தவர். பிரெஞ்சு அரச குடும்பத்து ப்ளான்ஷ், பலாட்டினேட் ஆனா, ஷ்விட்னிட்ஸா ஆனா, பொமரேனியா எலிசபெத். இதில் மூன்றாமவர் கதைதான் விசேஷம்: சார்லஸின் கைக்குழந்தைக்கு நிச்சயித்த பெண் அவர், குழந்தை இறந்துவிடவே 1353-இல் இவரே கட்டிக்கொண்டார். சிலேசியாவில் (பெரும்பகுதி இன்றைய போலந்தில்) அந்தப் பெண்ணுக்கு வரவிருந்த சீமையை விட மனசில்லை, வேறென்ன!

கே: அவர் வம்சம் என்ன ஆயிற்று?

ப: 1378-இல் இவர் இறந்தபின் மூத்த மகன் நான்காம் வாட்ஸ்லாவ் ஆண்டார், பிள்ளை இல்லை. தம்பி சிகிஸ்முண்ட் 1437-இல் இறந்ததும் ஆண் வாரிசு தீர்ந்தது. மறுபடி மகள்தான்: சிகிஸ்முண்டின் ஒரே மகள் எலிசபெத்தைக் கட்டியிருந்த, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து ஆல்பர்ட்டுக்குச் சிம்மாசனம் போயிற்று. அந்த எலிசபெத்தின் பேரன் விளாடிஸ்லாவ் 1471-இல் அரசரானார், விளாடிஸ்லாவின் மகள் ஆனாவை மணந்திருந்த ஃபெர்டினாண்ட் மூலம் 1526-இல் பொஹீமியா மீண்டும் ஹாப்ஸ்பர்க் கைக்கு வந்து 1918 வரை அங்கேயே இருந்தது.