புதிய விண்டோஸுக்கு இப்போதே மாற வேண்டுமா? கேள்வி பதில்

கணினி பழுது பார்ப்பதும் பராமரிப்பதும்தான் பல வருடமாக என் பிழைப்பு. இயங்குதளம் மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் விண்டோஸ் பற்றியவை. மேக், லினக்ஸ்காரர்களும் கொஞ்சம் பேர் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, என் லேப்டாப்பில் விண்டோஸ் 10 எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறது. நன்றாக ஓடுவதை எதற்கு மாற்ற வேண்டும்?

பதில்: தொந்தரவு தெரியாததுதான் இதில் சிக்கலே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் கணினியைத் திறந்தவர்களுக்கு எந்த மாற்றமும் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குப் பிறகு தானாக வராது. விண்டோஸ் 10-உம் அதற்கு அடுத்து வந்த விண்டோஸ் 11-உம் உள்ளுக்குள் பெருமளவு ஒரே நிரல்தான். பதினொன்றில் ஒரு ஓட்டையை அடைத்தால், அடைத்த இடத்தைப் பார்த்தே ‘பத்தில் இதே ஓட்டை திறந்திருக்கிறதா’ என்று தேட ஆள் இருக்கிறது.

2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. வைரஸ் பரவியது மே 12-இல். நடுவில் இரண்டு மாதம் இருந்தும் அப்டேட் போடாத விண்டோஸ் 7 கணினிகள்தான் அதிகம் மாட்டின. ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அப்போது அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். அது பாதிப்பு பரவிய பிறகு வந்தது. எல்லா முறையும் அப்படித் தருவார்கள் என்று நம்பி உட்கார முடியாது.

கேள்வி: கொஞ்ச நாள் தள்ளிப்போட வழி உண்டா? இப்போதைக்குப் புதுக் கணினி வாங்கும் நிலையில் இல்லை.

பதில்: உண்டு. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தை அறிவித்தார்கள். உங்கள் விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். விண்டோஸ் விசையோடு R-ஐ அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் ‘வின்வெர்’ (winver) கட்டளையைக் கொடுத்தால் பதிப்பு தெரியும். அதன் பிறகு அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். இது ஓட்டைகளை அடைக்க மட்டும்தான், புது வசதி எதுவும் வராது. எனக்குக் கேட்டால் அதுவே நல்லது என்பேன்.

கேள்வி: எனக்கு நேர் எதிர்ப் பழக்கம். புதுப் பதிப்பு வந்த அன்றே போட்டுவிடுவேன். தவறா?

பதில்: விளையாட்டுக்கு வைத்திருக்கும் கணினி என்றால் தாராளமாகப் போடுங்கள். வேலைக்கான கணினி என்றால் கொஞ்சம் பொறுங்கள். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு 1809 என்ற பதிப்பு வந்தது. போட்டவர்களில் சிலருக்கு ஆவணக் கோப்புறையில் இருந்த கோப்புகளே அழிந்துபோயின. சில நாளிலேயே வெளியீட்டை நிறுத்தி, சரி செய்து, நவம்பரில்தான் மறுபடி விட்டார்கள். ஒரு மாதம் பொறுத்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

2007-இல் விஸ்டா வந்தபோதும் பாதித் தொல்லை டிரைவர்களால்தான், அதாவது கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்களால்தான். பிரிண்டர், கிராபிக்ஸ் கார்டு தயாரிப்பவர்கள் தயாராக இல்லை. 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது அந்த டிரைவர்கள் பக்குவமாகிவிட்டன, பாராட்டெல்லாம் ஏழுக்குப் போனது. விஸ்டாவைப் பார்த்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் பரிதாபமாக இருக்கும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் இந்தப் பொறுமையை விதியாகவே வைத்திருக்கிறார்கள். நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஏப்ரலில் வந்தாலும், பழைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவருக்கு முதல் திருத்த வெளியீடு வந்த பிறகுதான் ‘மாறலாமா’ என்று கேட்கும்.

இங்கே இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட்டை நாலைந்து நாளுக்குள் போட்டுவிடுங்கள். பொறுக்கச் சொல்வது பதிப்பு மாற்றத்துக்குத்தான். அப்கிரேடில் ஒருமுறை சூடுபட்டவர்கள் பயத்தில் அப்டேட்டையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். என்னிடம் வருகிற கணினிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது.

கேள்வி: ஐ5 ப்ராசசர், 16 ஜிபி ரேம். ஆனாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பார்க்கும் பிசி ஹெல்த் செக் நிரல் ‘தகுதியில்லை’ என்கிறது. அப்புறம் என்னதான் குறை?

பதில்: ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி. எந்தத் தலைமுறை என்று பார்க்க வேண்டும். ஐ5-7500 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8400 என்றால் எட்டு, ஐ5-10400 என்றால் பத்து. சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறையும் ரைசனில் 2000 வரிசையும்தான் தொடக்கக் கோடு. உங்களுடையது ஏழு என்றால் ரேமை 64 ஜிபி ஆக்கினாலும் பதில் மாறாது.

எட்டு அல்லது அதற்கு மேல் இருந்தும் மறுத்தால் நம்பிக்கை இருக்கிறது. பெரும்பாலும் டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு அமைப்பு) மதர்போர்டு பலகையில் இருக்கும், அணைத்து வைத்திருப்பார்கள். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய்த் தேடுங்கள். இன்டெல் பலகையில் பிடிடி (PTT) என்றும், ஏஎம்டி பலகையில் எஃப்டிபிஎம் (fTPM) என்றும் பெயர் இருக்கும். அதை இயக்கினால் பல பேருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் அடுத்தது செக்யூர் பூட், நம்பகமான நிரலை மட்டும் தொடங்கவிடும் அமைப்பு. அதற்குக் கணினி யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் தொடங்க வேண்டும். பழைய லெகசி முறையில் விண்டோஸ் நிறுவியிருந்தால் வட்டு எம்பிஆர் என்ற பழைய பிரிவு வடிவில் இருக்கும், அதை ஜிபிடி என்ற புதிய வடிவுக்கு மாற்ற வேண்டும். விண்டோஸிலேயே அதற்கான கட்டளைக் கருவி இருக்கிறது, கோப்புகளை அழிக்காமல் மாற்றும். வரிசை முக்கியம். முதலில் வட்டை மாற்றுங்கள், பிறகு பயாஸில் முறையை மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் விண்டோஸ் தொடங்காது. பதற வேண்டாம், பயாஸில் பழைய முறைக்கே திருப்பினால் வந்துவிடும்.

இன்னொன்று. வட்டில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயங்குகிறதா என்று முன்பே பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு பிறகு பயாஸைத் தொடுங்கள். டிபிஎம் அமைப்பைத் தொட்டதும் கணினி அந்தச் சாவியைக் கேட்கும். சாவி இல்லாமல் என்னிடம் வந்து நின்றவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

கேள்வி: அந்தச் சோதனையை ஏமாற்றி நிறுவும் வழியை வீடியோக்களில் காட்டுகிறார்களே?

பதில்: நிறுவிவிடலாம், ஓடும். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வருடாந்திரப் பதிப்பு வரும்போதெல்லாம் அதே தந்திரத்தை மறுபடி செய்ய வேண்டியிருக்கலாம். 24எச்2 பதிப்பில் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் என்ற ப்ராசசர் கட்டளைகளைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அவை இல்லாத மிகப் பழைய ப்ராசசர்களில் எந்தத் தந்திரமும் பலிக்காது. பாதுகாப்பு அப்டேட்டுக்காகத்தானே மாறவே நினைத்தோம்? அது வருமா என்று தெரியாத ஒன்றுக்கு மாறுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. வங்கிக் கடவுச்சொல் போடுகிற கணினியில் செய்யாதீர்கள்.

கேள்வி: 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். பதினொன்று போட்டால் வேகம் கூடுமா?

பதில்: குறையும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பது உள்ளே விடுவதற்கான குறைந்தபட்சம். நிம்மதியாக வேலை செய்ய 8 ஜிபியாவது வேண்டும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுங்கள். இயங்குதளத்தை மாற்றாமலேயே வேறு கணினி போலத் தெரியும்.

கேள்வி: ஐயா, எங்கள் அலுவலகத்தில் 32 பிட் விண்டோஸ் 10 இருக்கிறது. அதில் டாஸ் காலத்துக் கணக்கு நிரல் ஒன்றும், வயதான ஸ்கேனர் ஒன்றும் ஓடுகின்றன. இவை பதினொன்றில் ஓடுமா?

பதில்: கேட்டுவிட்டு இறங்குகிறீர்களே, அதுவே பெரிய காரியம். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடும், அதில் பயமில்லை. டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் ஓடாது. டிரைவர் விஷயத்தில் சமரசமே இல்லை, 64 பிட் டிரைவர்தான் வேண்டும். ஸ்கேனர் தயாரித்தவர் அதை வெளியிடவில்லை என்றால் ஸ்கேனர் வெறும் பெட்டிதான். என் சொந்த ஸ்கேனர் ஒன்றை இப்படித்தான் இழந்தேன். டிரைவர் இருக்கிறதா என்று பத்து நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். தேடாமல் கணினியை மாற்றினேன்.

கணக்கு நிரலை டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரிலோ (பழைய கணினி போல நடிக்கும் நிரல்), மெய்நிகர் கணினிக்குள் பழைய விண்டோஸை நிறுவியோ ஓட்டிப் பாருங்கள். அச்சிடுவதில்தான் பெரும்பாலும் முரண்டு பிடிக்கும், அதை முதலில் சோதியுங்கள். ஸ்கேனருக்கு, பழைய மாடல்களை ஆதரிக்கும் தனி மென்பொருள்கள் உள்ளன. எதுவும் சரிவரவில்லையா? பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அந்த இரண்டு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் புதுக் கணினியில் நடக்கட்டும். அப்புறம், 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு நேரடி அப்கிரேட் கிடையாது. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் பதினைந்து வருடமாகச் சேர்த்த தமிழ்க் கோப்புகள் உள்ளன. மாறினால் படிக்க முடியாமல் போகுமா?

பதில்: போகாது. பாமினி கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடுகள்தான். அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுப்பது எழுத்துரு. எழுத்துருக் கோப்பை மறக்காமல் எடுத்து வைத்துப் புதியதில் நிறுவினால் பழையபடி தெரியும். சிக்கல் வரக்கூடியது பழைய தட்டச்சு மென்பொருளில்தான், அதில் சில புதிய விண்டோஸில் வேலை செய்வதில்லை. விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, ஒலிப்பெயர்ப்பு முறையும் இருக்கிறது. இரண்டும் யூனிகோடில், அதாவது தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் உள்ள பொது முறையில் எழுதும். பழைய கோப்புகளை இந்தச் சாக்கில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினியில் இருக்கும் வரை தேடுபொறியில் உங்கள் எழுத்து ஒரு வரிகூட அகப்படாது.

கேள்வி: இருப்பதன் மேலேயே போடுவதா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடுவதா?

பதில்: மேலேயே போடுவது இப்போது நன்றாகவே நடக்கிறது. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்று ஒரு பெரிய கோப்புறை உட்கார்ந்திருக்கும். இடம் வேண்டுமென்று அதை அழித்தால் திரும்பும் வழியும் போய்விடும். அந்தப் பத்து நாளில் நீங்கள் எப்போதாவது மட்டும் தொடுகிற பொருட்களை வேண்டுமென்றே இயக்கிப் பாருங்கள். பிரிண்டர், வெப்கேம், வேலைக்கான விபிஎன், கையொப்ப டாங்கிள் எல்லாவற்றையும். வைரஸ் சந்தேகம் இருந்தால் மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: என் கோப்புகள் எல்லாம் கிளவுடில் இருக்கின்றன. தனியாக பேக்கப் வேண்டுமா?

பதில்: வேண்டும். கிளவுட் ஒத்திசைவு இங்கே நடப்பதை அங்கேயும் செய்யும், அழிப்பது உட்பட. வெளி வட்டில் ஒரு நகல் எடுங்கள். அந்த வட்டை வேறு கணினியில் செருகி நாலு கோப்பைத் திறந்து பாருங்கள். பிறகு கழற்றி வைத்துவிட்டு அப்கிரேடைத் தொடங்குங்கள்.

கேள்வி: மேக்கில் எந்தப் பதிப்புக்கு எப்போது ஆதரவு முடியும் என்று எங்கே பார்ப்பது?

பதில்: ஆப்பிள் முன்கூட்டியே தேதி அறிவிப்பதில்லை. நடைமுறையில் புதிய பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. நீங்கள் அந்த மூன்றுக்குள் இருந்தால் அவசரம் இல்லை. இன்டெல் ப்ராசசர் உள்ள மேக் வைத்திருப்பவர்களுக்கு 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26 டஹோதான் கடைசி. 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேடலினா 32 பிட் செயலிகளை மொத்தமாக நிறுத்தியது. அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து வருகிறீர்கள் என்றால் உங்கள் செயலிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மேக்கில் விண்டோஸ் மாதிரி பத்து நாள் திரும்பும் வசதி இல்லை. மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினில் நகல் எடுக்காமல் கைவைக்காதீர்கள்.

கேள்வி: நான் இன்னும் விண்டோஸ் 7-இல்தான் இருக்கிறேன் சார். சிரிக்காதீர்கள்.

பதில்: சிரிக்கவில்லை, எனக்கும் அது பிடித்த பதிப்பு. ஆனால் அதன் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. குரோமும் 2023 தொடக்கத்தில் கைவிட்டுவிட்டது. அந்தக் காலத்துக் கணினி பதினொன்றுக்கு ஏறாது. உலாவி, மின்னஞ்சல், வீடியோ மட்டும் போதுமென்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபையும் ஒலியும் வேலை செய்தால் நிறுவிவிடலாம். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸையும் போட்டோஷாப்பையும் நம்பிப் பிழைப்பு நடத்துபவர் என்றால் லினக்ஸ் வேண்டாம், புதுக் கணினிக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபது வயது. பத்தை நன்றாகப் பழகி வைத்திருக்கிறார். பதினொன்றுக்கு மாற்றினால் குழம்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கணினி தகுதியானது என்றால் மாற்றுங்கள். ஏமாற்று இணைப்பை அழுத்திவிடும் வாய்ப்பு உள்ளவரிடம் திருத்தம் வராத விண்டோஸை விட்டுவைக்கக் கூடாது. நடுவில் இருக்கும் ஸ்டார்ட் பொத்தானை டாஸ்க்பார் அமைப்பில் இடது ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். அவர் தொடும் ஐகான்களை முன்பிருந்த அதே இடத்தில் வையுங்கள். மாற்றும் முன் திரையை ஒரு படம் எடுத்துக்கொண்டால் இது எளிது. வலது கிளிக் மெனுவில் பழைய பட்டியல் ‘மேலும் விருப்பங்கள்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும், அதை மட்டும் ஒருமுறை காட்டிக்கொடுங்கள். ஊருக்குக் கிளம்புகிற அன்று மாற்றிவிட்டுப் போகாதீர்கள். அவரோடு ஒரு வாரம் இருக்கப்போகிற சமயம் பார்த்து, வந்த முதல் நாளே செய்யுங்கள்.