பூசணியும் சுரையும் நிறையப் பூக்கின்றன, ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது. தக்காளியிலும் பூ உதிர்கிறது, பப்பாளி பூத்தும் காய் இல்லை. என்ன உரம் போடலாம்?

உரம் எதுவும் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே நிலையில் நான் செய்த முதல் காரியம் இரண்டு கூடைத் தொழு உரத்தைக் கொண்டுபோய்க் கொட்டியதுதான். இலை ஒவ்வொன்றும் முறம் அளவுக்கு விரிந்தது, கொடி சுவரேறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. காய் மட்டும் வரவில்லை. தழைச்சத்து மிஞ்சினால் செடி தழைக்கத்தான் பார்க்கும், பூசணி வகைகளில் ஆண் பூவும் கூடிவிடும்.

பூசணி, சுரை, பீர்க்கு, பாகல், வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். பெரும்பாலும் ஒரே கொடியில் ஆண் பூ தனியாகவும் பெண் பூ தனியாகவும் வரும். முதலில் வருபவை ஆண் பூக்கள், ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் பெண் பூ தலைகாட்டும். புதிதாகப் பூக்கத் தொடங்கிய கொடி என்றால் பொறுத்திருங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் பிஞ்சு விழுகிறது என்கிறீர்கள், அதனால் பெண் பூ வந்துவிட்டது என்று தெரிகிறது. நீங்கள் பிஞ்சு என்று நினைப்பது இன்னும் பிஞ்சே ஆகவில்லை, அது சூலகம். மொட்டாக இருக்கும்போதே பெண் பூவின் அடியில் குட்டிக் காய் போல ஒட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் சேர்ந்தால் பெருக்கும், சேராவிட்டால் சில நாளில் மஞ்சளடித்துச் சுருங்கி விழும். (நன்றாகப் பெருத்த காய் கோணலாகி அழுகினால் அது வேறு கதை. வெட்டிப் பாருங்கள், பெரும்பாலும் உள்ளே பழ ஈயின் புழு நெளியும்.)

சரி, மகரந்தம் ஏன் சேரவில்லை? பூ திறந்திருக்கும் நேரத்தில் யாரும் வரவில்லை, அவ்வளவுதான். இந்த நேரக் கணக்கு எனக்குப் புரிய ஒரு பருவம் முழுக்க வீணானது. பூசணிப் பூ விடியற்காலையில் விரியும், நண்பகலுக்குள் சுருங்கிவிடும். ஒரு பெண் பூவுக்குக் கிடைப்பது அந்த ஒரு காலைப் பொழுதுதான், மறுநாள் அது திறக்காது. சுரை நேர்மாறு. அந்த வெள்ளைப் பூ பொழுது சாயும்போது விரியும், இரவில் அந்துப்பூச்சிகள் வந்து போகும், மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வதங்கிவிடும். நான் தினமும் காலை எட்டு மணிக்குத் தூரிகையும் கையுமாகப் போய், துவண்டு கிடந்த சுரைப் பூவைத் தடவிக்கொண்டிருந்தேன்! ஒருநாள் இருட்டிய பிறகு குழாயை மூட மறந்தது நினைவுக்கு வந்து டார்ச்சோடு போனபோதுதான், கொடி முழுக்க வெள்ளையாக விரிந்திருந்ததைப் பார்த்தேன். பீர்க்கும் இப்படி மாலையில்தான் பூக்கும். ஆனால் அதன் தம்பி மாதிரி இருக்கும் நுரைப்பீர்க்கு காலையில் பூக்கும். பாகலும் வெள்ளரியும் காலைதான்.

கையால் மகரந்தம் சேர்ப்பதற்குத் தூரிகைகூட வேண்டாம். அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் தூளோடு ஒரு தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியின் எல்லா மடல்களிலும் படும்படி மெதுவாகத் தடவினால் போதும். ஒரு ஆண் பூவை இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் பயன்படுத்தலாம். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் கோணலாக வளரக்கூடும், அதனால் சுற்றித் தடவுங்கள். சுரைக்கு இதையே பொழுது சாய்ந்தபின் செய்யுங்கள்.

தக்காளி வேறு மாதிரி. அதன் பூவிலேயே ஆணும் பெண்ணும் உண்டு, துணை தேவையில்லை. ஆனால் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கும், பூ அதிர்ந்தால்தான் உதிரும். சிறகுத் தசையை அதிரவைத்து அதை உலுக்கி எடுக்கும் வித்தை கருவண்டுக்குத் தெரியும், தேனீக்குத் தெரியாது. காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டும் வெயிலும் இறங்காத இரவுப் புழுக்கமும் இருந்தால் என்ன சுண்டினாலும் பூ கொட்டும். அப்போது நிழல்வலை கட்டிக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கத்தரி வைத்திருந்தால், அதில் உதிரும் எல்லாப் பூவுக்கும் வருந்தாதீர்கள். சூல்தண்டு (பூவின் நடுவில் நிற்கும் பெண் பாகம்) குட்டையாக, மகரந்தக் குழாய்களுக்குள்ளேயே புதைந்திருக்கும் பூக்கள் காய்ப்பதில்லை. அது செடியின் இயல்பு.

தினமும் கையால் செய்துகொண்டிருக்க யாருக்கு நேரம்? பூச்சிகளை வரவழைப்பதுதான் நிரந்தர வழி. காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் சூரியகாந்தி நடுங்கள், இரண்டு துளசியைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். அடுக்கு இதழ்ப் பூக்கள் நம் கண்ணுக்கு அழகு, ஆனால் தேனீக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஒற்றை இதழ் வகையாகப் பார்த்து வையுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூடக் காலையில், விரிந்த பூவின்மேல் அடிக்காதீர்கள். நான் அடித்துக்கொண்டிருந்தேன், பிறகு தேனீ வரவில்லை என்று புலம்பவும் செய்தேன். தேனீக்கள் அடங்கியபின் அடியுங்கள், பூவைத் தவிர்த்து இலைக்கு மட்டும்.

அப்புறம் பப்பாளி. அது ஆண் மரமாக இருக்கலாம். நீளமான காம்பில் சரம் சரமாகச் சிறு பூக்கள் தொங்கினால் ஆண் மரம், அதனிடம் காய் எதிர்பார்க்க வேண்டாம். தண்டை ஒட்டி, அடி உருண்டையாக இருக்கும் பூ என்றால் பெண் மரம், பக்கத்தில் மகரந்தம் தர ஒரு மரம் வேண்டும். தண்டை ஒட்டியே ஆனால் பூ ஒல்லியாக இருந்தால் இருபால் மரம். கடும் வெயிலில் அது கொஞ்ச காலம் ஆண் பூவாகவே தள்ளும், பருவம் மாறினால் தானாகக் காய்க்கும். அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். இனி விதை போட்டு வளர்ப்பதானால் ஒரு குழியில் மூன்று நான்கு நாற்று வைத்து, பூ வந்து அடையாளம் தெரிந்தபின் காய்க்கும் மரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். உங்கள் மரத்தின் பூங்காம்பு எவ்வளவு நீளம் என்று எழுதுங்கள், எந்த வகை என்று பார்க்கலாம்.