கதையிலோ வரலாற்றிலோ உங்களை நிலைகுலைய வைத்த போர்த்தோல்வி எது?

கொங்குநாட்டுக்காரனான எனக்கு முதலில் வருவது அண்ணன்மார் கதையின் படுகளம்தான், அதாவது அண்ணன்மார் மடிந்து விழும் கட்டம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியண்ணன் பொன்னர், சின்னண்ணன் சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். பகை, தலையூர்க் காளியோடும் வேட்டுவர்களோடும். பாடுகிறவருக்குப் பாடுகிறவர் கதை கொஞ்சம் மாறும். ஆனால் கடைசிப் போரில் சின்னண்ணன் தோற்பதில்லை. எதிரிகளை வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் வருகிறார். அப்புறம்தான் மாயவர், அதாவது திருமால், மறைந்திருந்து விடும் அம்பு வந்து படுகிறது. தன் காலம் முடிந்தது என்று புரிந்து தன் வாளிலேயே விழுகிறார். உடனிருந்த சாம்புவனும் உயிரை விடுகிறான். தேடி வந்த பெரியண்ணனும் அப்படியே.

இதை உடுக்கடிப் பாட்டாகக் கேட்க வேண்டும். பல இரவுகள் போகும் பாட்டு. படுகளம் பாடும் ராத்திரி மட்டும் கூட்டத்தில் பேச்சே இருக்காது. உடுக்கைச் சத்தம் ஏற ஏற, உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் அருள் வந்து சரிந்து விழுவார்கள். அவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடுவார்கள். நேற்றுவரை கூட உழவு ஓட்டிய ஆள் அசையாமல் கிடப்பார். என் அம்மாயி அந்த இடம் வந்தாலே, "நீ வூட்டுக்குப் போய்ப் படு கண்ணு, இதைக் கேக்க வேண்டாம்" என்பார். தங்காள் காடெல்லாம் அழுதுகொண்டே தேடி வந்து, தீர்த்தம் தெளித்து அண்ணன்களை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் அவளோடு கொஞ்சம் பேசிவிட்டு, எங்கள் ஆயுசு அவ்வளவுதான் என்று திரும்பவும் சாகிறார்கள். முதல் சாவைத் தாங்கிக்கொண்டவர்கள்கூட இந்த இரண்டாவது சாவில் உடைந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆள் பலம் குறைந்து தோற்றால் அதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஜெயித்த பிறகு சாகிறவர்களுக்கு என்ன சமாதானம் சொல்வது?

வரலாற்றில் எனக்கு இதே வலியைக் கொடுப்பவர் தீரன் சின்னமலை. 1801இல் காவிரிக்கரை, 1802இல் ஓடாநிலை, 1804இல் அரச்சலூர் என்று கம்பெனிப் படையோடு மோதிய மூன்று இடங்களிலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது. கடைசியில் பிடிபட்டது போர்க்களத்தில் இல்லை. பழனிப் பக்கம் மறைந்திருந்தபோது சமையல்காரனே காட்டிக்கொடுத்தான் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தம்பிகளோடு தூக்கிலிட்டார்கள். ஓடாநிலைக் கோட்டையையும் இடித்துத் தள்ளினார்கள்.

துரோகத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், சரி. அதைவிட என்னை அழுத்துவது அவர் தனியாக நின்றதுதான். அவர் யாருக்காகப் போரிட்டாரோ அந்தத் திப்பு 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தார். அதே வருஷம் அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1800இல் கோவைக் கோட்டையைத் தாக்கப் போட்ட திட்டம் முறிந்து, பிடிபட்டவர்கள் தூக்குமேடை ஏறினார்கள். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களும் போனார்கள். அரச்சலூரில் ஜெயித்த அன்று, அந்த வெற்றியை வைத்துக்கொண்டு மேற்கொண்டு ஏதாவது செய்ய அவருக்குத் துணையாக வெளியில் ஒரு படையும் மிச்சமில்லை.