"மூச்சை இழுக்கக்குள்ள குத்துது": லூப்பஸ் உள்ள மகளுக்கு நெஞ்சு நோ

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு 26 வயது, மூன்று வருடமாக லூப்பஸ். ஹைட்ரொக்சிகுளோரோகுயினும், பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை 10 மில்லிகிராமும் பாவித்து வந்தவர். வீட்டில் கல்யாணம் வருகிறது, முகம் ஊதிப்போய்த் தெரிகிறது என்று பிரெட்னிசொலோனை மட்டும் தானாகவே நிறுத்திவிட்டார். நிறுத்தி இரண்டு கிழமை ஆகிறது. அதில் கடைசிப் பத்து நாளாக வலப் பக்க விலாவில் குத்து, கொஞ்சம் வறட்டு இருமல், இரவில் இலேசான காய்ச்சல். வாய்வு என்று நினைத்துச் சித்தாலேப பூசினார்கள். பாமசியில் ஐந்து நாளுக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். குறையவில்லை. "கிளினிக்குக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கு டொக்டர். நிறுத்தின குளிசையைத் திரும்பக் குடுத்துப் பார்க்கவா?"

அம்மா, மூன்று கிழமை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள்.

லூப்பஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகிறது. மூட்டு, தோல், சிறுநீரகம் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நெஞ்சுக்குள் அது அதிகமாகப் பிடிப்பது நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வைத்தான். அந்தச் சவ்வு இரண்டு படலமாக இருக்கும். நடுவில் துளி நீர் இருப்பதால், மூச்சு விடும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகும். அழற்சி வந்தால் வழுவழுப்புப் போய் உரசத் தொடங்கும். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் புதுத் தோல் செருப்பு நடக்கையில் கிறீச்சிடுவதுபோலக் கேட்கும். ஆழமாக மூச்செடுத்தால், இருமினால், தும்மினால் கத்தியால் குத்துவதுபோல வலிக்கும். மேலோட்டமாக மூச்சு விட்டால் தணியும். சிலருக்கு அந்த இடைவெளியில் நீர் சேரும். நீர் கூடினால் குத்து குறைந்து, மூச்சு முட்டு தொடங்கும். ஆகவே வலி குறைந்துவிட்டது என்று உடனே சந்தோஷப்படக் கூடாது.

உங்கள் மகள் சொல்வது இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. பிரெட்னிசொலோனை நிறுத்தியதும் நோய் தலைதூக்கியிருக்கலாம். இதோடு விஷயம் முடிந்தால் நீங்கள் கேட்டபடி குளிசையைத் திரும்பக் கொடுக்கலாம்தானே? அங்கேதான் சிக்கல்.

இதே குத்து, இதே இருமல், இதே காய்ச்சல் வேறு இரண்டு காரணத்தாலும் வரும். ஒன்று கிருமித் தொற்று. மூன்று வருடம் பிரெட்னிசொலோன் எடுத்த உடம்பில் நிமோனியாவும் வரும், காசநோயும் வரும். காசநோயும் இதே சவ்வில்தான் நீரைச் சேர்க்கும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு இருந்தால் என் மனம் முதலில் அந்தப் பக்கம்தான் போகும். லூப்பஸ் என்று நினைத்து ஸ்டீரொயிட்டைக் கூட்டினால், உள்ளே இருக்கும் காசநோய்க்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் வேறு பிரெட்னிசொலோனை உடம்பிலிருந்து வேகமாகக் கழித்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது அளவை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மற்றது நுரையீரல் இரத்தக் குழாயை உறைந்த இரத்தக் கட்டி அடைப்பது. லூப்பஸ் உள்ள சிலரின் இரத்தத்தில் அன்டிபொஸ்போலிப்பிட் அன்டிபொடி என்று ஒன்று இருக்கும். அது இரத்தத்தை உறைய வைக்கும். கெண்டைக்காலில் உறைந்த துண்டு கழன்று நெஞ்சுக்குப் போனால் திடீரென்று மூச்சு முட்டும், விலாவும் குத்தும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா, முன்பு கரு கலைந்திருக்கிறதா, குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை பாவிக்கிறாரா? வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆக அழற்சிக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்க வேண்டும், தொற்றுக்குக் கிருமியைக் கொல்ல வேண்டும், கட்டிக்கு இரத்தம் உறையாமல் பார்க்க வேண்டும். விலாவைத் தொட்டுப் பார்த்து எது என்று சொல்ல என்னாலும் முடியாது. எக்ஸ்ரே, முழு இரத்தப் பரிசோதனை, அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனை, சளி, தேவைப்பட்டால் நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பது, சிடி ஸ்கேன் எல்லாம் சேர்ந்துதான் சொல்லும். சிஆர்பி பற்றி ஒரு வார்த்தை: லூப்பஸ் கிளம்பும்போது பெரும்பாலும் அது அவ்வளவு ஏறாது, தொற்றில் ஏறும் என்பார்கள். ஆனால் சவ்வு அழற்சியிலும் அது ஏறும். அதனால் அந்த ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் முடிவு சொன்னால், இன்னொரு தடவை கேளுங்கள்.

பல மாதமாக மெல்ல மெல்லக் கூடும் இளைப்பு வேறு கதை. நுரையீரல் திசுவே தடித்துப்போவது, உதரவிதானம் பலவீனமாகி நுரையீரல் சுருங்குவது, நுரையீரல் இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறுவது எல்லாம் லூப்பஸில் உண்டு, ஆனால் குறைவு. பத்து நாள் கதைக்கு இப்போது அது தேவையில்லை.

நுரையீரலுக்குள் இரத்தம் கசிவது அரிது, ஆனால் உயிராபத்தானது. இருமலில் இரத்தம் வராமலேயே உள்ளே கசியலாம். ஆள் வெளிறி, மூச்சுத் திணறுவார். பேசி முடிக்க மூச்சுப் போதவில்லை, உதடு நீலம், மயக்கம், சளியில் இரத்தம், விரலில் மாட்டும் மெஷினில் ஒட்சிசன் அளவு 94 க்குக் கீழே - இதில் எது இருந்தாலும் காலை வரை பார்க்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மெஷின் 98 காட்டினாலும் இரத்தக் கட்டி இல்லை என்று அர்த்தமில்லை.

பிரெட்னிசொலோனை இரண்டு கிழமையாக நிறுத்தியிருக்கிறார் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். நீண்ட நாள் எடுத்தவர் சட்டென்று விட்டால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீரொயிட் சுரக்காது. வாந்தி, தலைசுற்று, இரத்த அழுத்தம் விழுவது எல்லாம் அதனால் வரலாம். மகளைத் திட்ட வேண்டாம். கண்ணாடியில் தன் முகம் தனக்கே அந்நியமாகத் தெரிவது 26 வயதில் சின்ன விஷயமில்லை. முக வீக்கம் அளவு குறையக் குறைய வடியும். நோய் அடங்கியதும் பிரெட்னிசொலோனை நாளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும், முடிந்தால் நிறுத்த வேண்டும் என்றுதான் ஐரோப்பிய மூட்டு நோய் வைத்தியர்களின் 2023 வழிகாட்டலும் சொல்கிறது. இதைக் கிளினிக்கில் வாய் திறந்து கேட்கலாம். ஹைட்ரொக்சிகுளோரோகுயினை மட்டும் இடையில் விடவே கூடாது.

நாளைக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகும்போது கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரே, பாமசியில் வாங்கிய அன்டிபயோட்டிக்கின் வெறும் அட்டை உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். கடைசி மாதவிடாய்த் திகதியையும் எழுதி வையுங்கள், எக்ஸ்ரே அறையில் கேட்பார்கள். சாப்பிட்டுவிட்டே போங்கள், முதலில் எடுக்கும் இந்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை.